கொலம்பியாவில் கற்ற ரிவர்ஸ்

எங்கள் கம்பெனி வேனின் கியர்க் கம்பி உச்சியில் ஒரு கறுப்பு உருண்டை உண்டு. அதில் ஒன்றிலிருந்து ஐந்து வரை வெள்ளையில் எண்கள் எழுதியிருந்தார்கள். அண்ணனின் உள்ளங்கை பட்டுப் பட்டு ஐந்தும் தேய்ந்து வழுக்கையாகிவிட்டன. மூலையில் இருந்த 'ஆர்' என்ற எழுத்து மட்டும் நேற்றுக் கடையில் வாங்கியது மாதிரிப் பளிச்சென்று இருக்கும். ஒரே உருண்டையில் அது மட்டும் எப்படித் தேயாமல் இருந்தது என்று கேட்காதீர்கள் பிள்ளைகளா, நானும் பல நாள் யோசித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். 'ஆர்' என்றால் ரிவர்ஸ். வண்டியைப் பின்னால் எடுக்கிற கியர். அண்ணன் அதைப் போட்டு நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

அவருக்கும் ஒரு பெயர் இருந்தது. ஆனால் வேனில் வந்த பதினெட்டுப் பேருக்கும் அவர் அண்ணன்தான். தெலுங்கு பேசுகிறவர்களுக்கு அன்னா. ஆளுக்குப் பெரிய மீசை, சிறிய உடம்பு. மீசையைக் கழற்றி வைத்தால் எடை பாதியாகிவிடும் போல இருப்பார். விடியும்போது நகரியில் எங்களை ஏற்றிக்கொண்டு, நாகலாபுரம், சத்தியவேடு வழியாக ஸ்ரீசிட்டியில் இருக்கும் எங்கள் கம்பெனியில் இறக்குவார். பாட்டிலுக்கு மூடி செய்கிற கம்பெனி அது.

ஒரு நாள் லாவண்யா வேனில் ஏறிவிட்டாள், வண்டியும் நாலு வீடு தாண்டிவிட்டது. லாவண்யா மூடிகளைச் சோதித்துப் பார்க்கிற பிரிவில் வேலை செய்த பெண். வாய் கொஞ்சம் நீளம்.

"அன்னா, ஆப்பண்டி! ஆப்பண்டி! கேரியரை அங்கயே வச்சிட்டேன்!"

அண்ணன் நிறுத்தினார். திரும்பிப் பார்த்தால் அவள் ஏறிய இடத்தில் சாப்பாட்டுக் கேரியர் தெரிகிறது. நாலே வீடு.

"பின்னாடி எடுண்ணே" என்றேன்.

"எதுக்குப் பின்னாடி? ரோடு முன்னாடிதானே கீது" என்று சொல்லிவிட்டு அண்ணன் முதல் கியரைப் போட்டார். கடைத்தெரு, பஸ் ஸ்டாண்டு, தறிக்காரர்கள் தெரு, மறுபடி கடைத்தெரு என்று ஊரையே ஒரு சுற்றுச் சுற்றி நாங்கள் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தபோது, கேரியர் திறந்திருந்தது. பக்கத்தில் ஒரு நாய் நாக்கால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"பாரு அன்னா, என் சித்ரான்னம் மொத்தம் அது துன்னுட்ச்சி!"

"நாய் முன்னாடி வந்துச்சி, துன்னுச்சி. நீ முன்னாடியே எடுத்திருந்தா நீ துன்னிருப்ப" என்றார் அண்ணன்.

அவர் இதற்கெல்லாம் பெரிய தத்துவமே வைத்திருந்தார். "பூமி உருண்டையா கீதா இல்லையா? இப்பிடி நேரா போய்க்கினே இருந்தா திரும்பி நம்ம ஊருக்கே வந்துடலாம். கடவுளே ரிவர்ஸ் வாணாம்னுதான் பூமிய அப்பிடிப் பண்ணி வெச்சிருக்காரு" என்பார்.

வண்டியில் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். வாயிலும் அவருக்கு ரிவர்ஸ் கிடையாது. ஒரு சொல் வெளியே வந்தால் வந்ததுதான். நான் வேலையில் சேர்ந்த முதல் நாள் வேனில் ஏறியபோது, "வா முருகேசா, குந்து" என்றார். அந்தச் சீட்டில் எனக்கு முன்னால் வந்தவர் பெயர் முருகேசன். என் பெயர் தயாளன்.

"அன்னா, ஆயன பேரு தயாளன்" என்று லாவண்யாவே எடுத்துச் சொன்னாள்.

அண்ணன் கண்ணாடி வழியாக என்னை மேலும் கீழும் பார்த்தார். தப்பு தன் பக்கம் என்று அவருக்கும் தெரிந்தது. மீசை லேசாக ஆடியது. "சொல்லிட்டேன்ல. முருகேசன்தான்" என்றார்.

ஆறு வருடம் நான் முருகேசன். அவரைப் பார்த்து வேனில் எல்லோரும் அப்படியே கூப்பிட்டார்கள். பிறகு கம்பெனிக் கேண்டீனில் கூப்பிட்டார்கள். என் மகனுக்குப் பிறந்தநாள் வந்தபோது வேன்காரர்கள் எல்லோரும் சேர்ந்து கேக் வாங்கி வந்தார்கள். அதன்மேல் 'முருகேசன் மகனுக்கு வாழ்த்துகள்' என்று எழுதியிருந்தது. அவன் ஒரு வாரம் என்னைச் சந்தேகமாகவே பார்த்தான்.

இப்போது குடிபாலாக் கதையைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் கொலம்பியா உங்களுக்குப் புரியாது.

அண்ணனின் மனைவியை நாங்கள் அண்ணி என்போம். நகரியில் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கூடப் பிறந்த ஒரே அண்ணன், சித்தூரைத் தாண்டி வேலூர்ப் பக்கம் போகும் வழியில் இருக்கும் குடிபாலாவில் இருந்தார். கூலி வேலை செய்து காசு சேர்த்து, ஒரு துண்டு நிலம் வாங்கி மா வைத்தவர். அந்த மச்சான் புதுவீடு கட்டிக் குடிபோனபோது அண்ணன் வேனிலேயே போனார். வீடு ஒரு சந்தின் கடைசியில் இருந்தது. வேன் ஒன்றுதான் நுழையும். வீட்டோடு சந்து முடிந்தது.

அண்ணன் கம்பீரமாக உள்ளே போய் வாசலில் நிறுத்தினார். விருந்து சாப்பிட்டார். புறப்படும்போதுதான் தெரிந்தது, முன்னால் போக வழியில்லை.

"மச்சான், இந்த மாட்டுக் கொட்டாய எடுத்துட்டா வண்டி திரும்பிடும்" என்றாராம்.

"கொட்டாய எடுத்துட்டு மாட்ட உன் சீட்லயா குந்த வெக்கறது? ரிவர்ஸ் எடுத்துக்கினு போ மச்சான்."

"எடுக்கமாட்டேன்."

"எடுக்கமாட்டியா, எடுக்கத் தெரியாதா?"

இரண்டு நாள் வண்டி அங்கேயே நின்றது. மூன்றாம் நாள் மச்சான் ஒரு டிராக்டரைக் கொண்டுவந்து, வேனின் பின்பக்கத்தில் கயிறு கட்டி, சந்து முழுக்க இழுத்துக்கொண்டு போய் மெயின் ரோட்டில் விட்டார். அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உள்ளே உட்கார்ந்திருந்தார். முன்பக்கம் ஊர்ப் பிள்ளைகள் வரிசையாக அவருக்கு டாட்டா காட்டிக்கொண்டே பின்தொடர்ந்தார்கள். ரோட்டுக்கு வந்ததும் அண்ணன் இறங்கி, ஊர் கேட்கச் சொன்னார்: "இனிமே இந்தத் தெருவுல என் டயர் படாது!"

சொல்லிவிட்டார் அல்லவா? பதினோரு வருடம் படவில்லை. பொங்கலுக்கும் கெங்கம்மா திருவிழாவுக்கும் அண்ணியைச் சந்து முனையில் இறக்கிவிட்டு, ரோட்டோர டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். அண்ணி மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு தனியாக நடந்து போவார். உள்ளேயிருந்து மச்சான் கேரியரில் கறிக்குழம்பு அனுப்புவார். அண்ணன் அதை வழித்துச் சாப்பிடுவார். "கொழம்பு வேற, தெரு வேற" என்று டீக்கடைக்காரரிடம் விளக்கமும் சொல்வார்.

எங்கள் கம்பெனிக்கு ஒரு புது மிஷின் வந்தபோது, அதைப் பொருத்தி ஓட்டிக் காட்ட கொலம்பியா நாட்டிலிருந்து ஓர் எஞ்சினியரம்மா வந்தார். நகரியில் வீடெடுத்துத் தங்கினார். கம்பெனிக் கார் பழுதாகி ஒரு நாள் எங்கள் வேனில் ஏறியவர், பிறகு காரில் போகவே இல்லை. தன் போனை வேன் ஸ்பீக்கரில் இணைத்து அவர் நாட்டுப் பாட்டைப் போடுவார். சல்சா என்று பெயர். பித்தளைக் குழலும் மேளமும் சேர்ந்து அடிக்கும். அதுவரை விடியற்காலையில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிய பதினெட்டுப் பேரும் கண்ணைத் திறந்துகொண்டு வர ஆரம்பித்தோம்.

ஒரு நாள் ரயில்வே கேட் மூடிவிட்டது. கூட்ஸ் வண்டிக்காக நின்றோம். எஞ்சினியரம்மா சும்மா இருக்கமாட்டாமல் இறங்கி, லாவண்யாவையும் இழுத்து, ரோட்டோரத்தில் சல்சா சொல்லிக் கொடுத்தார். இரண்டு பேர் எதிரெதிராகக் கைபிடித்து நிற்க வேண்டும். ஒருவர் முன்னால் அடி வைத்தால் மற்றவர் பின்னால் வைக்க வேண்டும். பிறகு இவர் பின்னால், அவர் முன்னால். ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, ஆறு, ஏழு என்று எண்ண வேண்டும்.

"நாலு எங்க போச்சு மேடம்?" என்று லாவண்யா இங்கிலீஷில் கேட்டாள்.

நாலிலும் எட்டிலும் ஆடக்கூடாதாம். நிற்க வேண்டுமாம்.

அண்ணன் டிரைவர் சீட்டிலிருந்து தலையை நீட்டினார். "இவ்ளோதானா? முன்னாடி மூணு, நாலுக்கு பிரேக்கு. பின்னாடி மூணு, எட்டுக்கு பிரேக்கு. இதுக்கு இன்னாத்துக்கு இம்மாம் பெரிய பாட்டு?"

"அந்தப் பின்னாடி மூணுதான் உன்கிட்ட லேது அன்னா! நீ ஆட ஆரம்பிச்சா முன்னாடி மூணு, முன்னாடி மூணுன்னு அப்டியே ஆடிக்கினே சத்தியவேடு போய்டுவ!"

வேனே குலுங்கியது. கேட்கீப்பர் கூடச் சிரித்தார். அண்ணன் மீசை ஆடியது. அது ஆடினால் ஏதோ வெளியே வரப் போகிறது என்று அர்த்தம்.

"அந்தம்மா ஊரு எது?"

"கொலம்பியா."

"அந்த ஊருக்கே போறேன். என் சம்சாரத்த இட்டுக்கினு போறேன். முழு டான்ஸும் கத்துக்கினு ஆடிட்டு வரேன். சொல்லு அந்தம்மாகிட்ட!"

லாவண்யா சிரித்துக்கொண்டே சொன்னாள். எஞ்சினியரம்மாவுக்கு அது விளையாட்டு என்று தெரியவில்லை. ஓடிவந்து ஜன்னல் வழியாக அண்ணனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். எங்கள் வீட்டிலேயே தங்கலாம், என் அத்தை டான்ஸ் பள்ளி நடத்துகிறார், வருடக் கடைசியில் எங்கள் ஊரில் எல்லோரும் தெருவில் இறங்கி ஆடுவார்கள், அப்போது வாருங்கள் என்றார்.

கூட்ஸ் போய் கேட் திறந்தது.

"அண்ணே, விளையாட்டுக்குச் சொன்னேன்னு சொல்லிடுண்ணே" என்றேன் மெதுவாக.

"சொல்லிட்டேன்ல முருகேசா" என்றார்.

பாஸ்போர்ட் படிவம் நிரப்ப நானும் லாவண்யாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனோம். பக்கத்து வீட்டில் பவர்லூம் டடக் டடக் என்று ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி மிஷினை மிதித்தபடி எங்களைப் பார்க்காமலே பேசினார்.

"ஊர்ல இருக்கறவனெல்லாம் பொண்டாட்டிய திருத்தணிக்கு இட்டுக்கினு போறான். எனக்கு வாச்சது கொலம்பியாவுக்கு இட்டுக்கினு போவுதாம். நாப்பத்தெட்டு வயசுல ஆடறதுக்கு. என்ன ஒரு வார்த்த கேட்டியாய்யா?"

"சொல்லிட்டேன்" என்றார் அண்ணன்.

"சொல்லிட்ட. சரி, எனக்கும் ஒன்னு சொல்லு." மிஷினை நிறுத்திவிட்டார். "தை மாசம் எங்கண்ணன் பொண்ணுக்குக் கல்யாணம். அங்க போயி நீ பின்னாடி கால் வெக்கக் கத்துக்கினு வந்தா, அந்தச் சந்துக்குள்ள வண்டி வரணும். வாசல் வரைக்கும். பதினோரு வருசமா நான் ஒருத்தியே புருசன் இல்லாதவளாட்டம் அந்தச் சந்துல நடக்கறேன். எங்கண்ணன் பொண்டாட்டி சிரிச்சிக்கினேதான் கேக்கறா, இன்னா அவரு டீக்கடையிலயே வேலைக்குச் சேந்துட்டாரான்னு. அந்தச் சிரிப்பு எப்பிடிக் குத்தும்னு எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்லு, வண்டி வருமா?"

பவர்லூம் ஓடிக்கொண்டே இருந்தது. அண்ணன் சுவரைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வரும்" என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. 'டயர் படாது' என்று ஒரு சொல். 'வரும்' என்று ஒரு சொல். இரண்டும் அவர் வாயிலிருந்து வந்தவை. இரண்டில் ஒன்றையாவது திரும்பி எடுத்தே ஆக வேண்டும். அன்றைக்கு அவர் டீயைக் குடிக்காமலே தம்ளரை வைத்ததை நான் பார்த்தேன்.

புது வேன் வாங்கப் போட்டிருந்த சீட்டுப் பணத்தை எடுத்து டிக்கெட் போட்டார். எஞ்சினியரம்மா அவர் ஊருக்குத் திரும்பி, கடிதம் மேல் கடிதம் அனுப்பினார். விசாவும் வந்துவிட்டது. அண்ணன் இரண்டு வாரம் லீவு போட்டார். எங்களுக்கு ஒரு மாற்று டிரைவர் வந்தார். அவர் வேண்டிய இடத்தில் எல்லாம் ரிவர்ஸ் எடுத்தார். எங்களுக்குத் தலை சுற்றியது.

இனி வருவது அண்ணி ஜாக்கெட் தைத்துக்கொண்டே எங்களுக்குச் சொன்னது.

சென்னை ஏர்போர்ட்டில் விமானத்தில் ஏறி உட்கார்ந்ததும் அது பின்பக்கமாக நகர்ந்ததாம். அண்ணனுக்கு முகமெல்லாம் வியர்த்துவிட்டது. ஜன்னலில் எட்டிப் பார்த்தவர் அடுத்த நிமிடம் கத்தினாராம்: "ஏய், இங்க பாரு! டிராக்டரு! டிராக்டர் வந்து தள்ளுது! இம்மாம் பெரிய பிளேனு, அதுவே ரிவர்ஸ் எடுக்கமாட்டேங்குது! அன்னிக்கு என்னப் பாத்து சிரிச்சானே உங்கண்ணன்!"

"மெதுவாப் பேசு, எல்லாரும் பாக்கறாங்க" என்றாராம் அண்ணி. "பிளேனுக்காவது டிராக்டர் கீது. உனக்கு ஆயுசுக்கும் நான்தான் டிராக்டரு."

இரண்டு இடத்தில் விமானம் மாறினார்கள். அங்கேயும் டிராக்டர்தான் தள்ளியது. ஒவ்வொரு தடவையும் அண்ணன் எழுந்து பார்த்து, தெரிந்தவரைப் பார்த்த மாதிரித் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாராம்.

கொலம்பியாவில் எஞ்சினியரம்மாவின் அத்தை குண்டாக, சுறுசுறுப்பாக இருந்தார். மாடியில் பெரிய ஹால். அதுதான் பள்ளி. முதல் நாள் பாட்டுப் போட்டார்கள். அண்ணனும் அண்ணியும் ஹாலின் நடுவில் கைபிடித்து நின்றார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. அண்ணன் முன்னால் போனார். நாலுக்குச் சரியாகப் பிரேக் போட்டார். ஐந்து, ஆறு, ஏழு. மறுபடி முன்னால் போனார்.

"பாட்டு ஆரம்பிக்கும்போது நடுவுல இருப்போம்பா. முடியும்போது என் முதுகு செவுத்துல இருக்கும்" என்றார் அண்ணி. "ஒவ்வொரு பாட்டுக்கும் செவுருதான். மூணாம் நாளு அந்த ஊர்க்காரங்களே பாவம்னு அங்க ஒரு நாற்காலி போட்டு வெச்சிட்டாங்க, போய்ச் சேந்தா குந்தட்டும்னு."

அத்தை தரையில் சாக்பீஸால் அம்புக்குறி போட்டுப் பார்த்தார். அண்ணன் முன்னால் காட்டிய அம்பை மட்டும் மதித்தார். பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள். சட்டைதான் வந்தது. கையைப் பிடித்துச் சுற்றிவிடும் ஆட்டத்தை மட்டும் அண்ணன் பிரமாதமாகச் செய்தாராம். 'யூ டர்ன்' என்று அதற்குப் பெயரும் வைத்தார். திருப்பும் முன்னால் கண்ணைச் சிமிட்டி எந்தப் பக்கம் என்று காட்டுவார். அது இண்டிகேட்டர்.

ஊர் தெருவில் இறங்கி ஆடும் நாளுக்கு முதல் நாள் வந்துவிட்டது. அன்றைக்கும் அண்ணிக்குச் சுவர்தான். நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டாராம்.

"ஆட்டம் வரலன்னு அழலப்பா. தை மாசமும் அந்தச் சந்துல நான் ஒருத்தியேதான் போவணும்னு நெனச்சேன். அழுவ வந்துடுச்சி."

அண்ணன் எதிரே நின்று, "நான் வெக்கணும்னுதான் பாக்கறேன். காலு போவமாட்டேங்குது" என்றாராம். "பின்னாடி இன்னா கீதுன்னு தெரியலியே. கண்ணுக்குத் தெரியாத எடத்துல எப்பிடிக் கால வெக்கறது?"

முதல்முறையாக அவர் வாயிலிருந்து அது வந்தது. திமிர் இல்லை, பிள்ளைகளா. பயம்.

அண்ணி மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். வருடா வருடம் இருவரும் திருமலைக்கு நடந்து ஏறுகிறவர்கள். அங்கே சாமியைப் பார்த்த பிறகு யாரும் உடனே திரும்பிக்கொள்வதில்லை. முதுகைக் காட்ட மனம் வராமல், முகத்தைப் பார்த்துக்கொண்டே பின்பக்கமாக அடி எடுத்து வைத்து நகர்வார்கள். 'ஜருகண்டி, ஜருகண்டி' என்று நகர்ந்துகொண்டே இருக்கச் சொல்லும் குரல் மட்டும் காதில் விழும். உலகத்திலேயே அந்த ஓர் இடத்தில்தான் இந்த மனுஷனும் பின்னால் நடப்பார். பின்னால் என்ன இருக்கிறது என்று அங்கே கேட்டதே இல்லை.

அண்ணி எழுந்தார். புடவையை இழுத்துச் செருகினார். ஹால் நடுவில் போய் ஆடாமல் அசையாமல் நின்றார்.

"யோவ், இங்க வா. என் மூஞ்சியப் பாரு. வேற எங்கயும் பாக்காத. சாமின்னு நெனச்சிக்க."

"நெனச்சிக்கினேன்."

பாட்டு ஓடியது. ஒன்று, இரண்டு, மூன்று, அண்ணன் முன்னால் வந்தார். நாலு, நின்றார். அப்போது அண்ணி தொண்டை கிழியக் கத்தினார்: "ஜருகண்டி! ஜருகண்டி!"

கால் தானாகப் பின்னால் போயிற்று. ஐந்து, ஆறு, ஏழு!

ஹாலில் இருந்தவர்கள் அப்படிக் கை தட்டினார்களாம், கோல் போட்ட மாதிரி. அத்தை ஓடிவந்து இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார். மறுநாள் தெருவில் ஆயிரம் பேருக்கு நடுவில் இவர்கள் ஆடும்போது, சுற்றி நின்ற கொலம்பியாக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து, "ஹருகந்தி! ஹருகந்தி!" என்று தாளம் போட்டுக் கத்தினார்கள். அதன் வீடியோவை ரயில்வே கேட்டில் வைத்து எங்களுக்குக் காட்டினார் அண்ணன். முன்னாடி மூணு, பின்னாடி மூணு. முழு டான்ஸ். லாவண்யா எழுந்து நின்று அவருக்குக் கும்பிடு போட்டாள்.

ஆனால் நாலு நாள் கழித்து அவள் குடையை மறந்தபோது, அண்ணன் மறுபடி ஊரைச் சுற்றித்தான் வந்தார்.

"ஏந்தி அன்னா! டான்ஸ்ல பின்னாடி போற, வேன்ல போமாட்டியா?"

"அது காலு. இது டயரு" என்றார் அண்ணன். கண்ணாடியில் என்னைப் பார்க்கவில்லை.

தை மாதம் வந்தது. கல்யாணத்துக்கு முதல் நாள் வேனில் வாழைத்தார், பித்தளை அண்டா, அண்ணி தைத்த பெண்ணின் ஜாக்கெட்டுகள் எல்லாம் ஏற்றினோம். "நீயும் வா முருகேசா. பொருள எறக்க ஆள் வேணும்" என்றார் அண்ணன். எங்கே இறக்குவது என்று சொல்லவில்லை. அண்ணியும் கேட்கவில்லை. பாட்டும் போடவில்லை.

குடிபாலாவில் சந்து முனை வந்தது. உள்ளே தூரத்தில் பந்தல் தெரிந்தது. அண்ணன் வழக்கமாக நிறுத்தும் டீக்கடைக்கு எதிரே நிறுத்தினார். கை ஸ்டியரிங்கிலேயே இருந்தது.

அண்ணி அரை நிமிடம் உட்கார்ந்திருந்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். திட்டவில்லை, அழவில்லை. எப்போதும் போலச் சந்துக்குள் நடக்க ஆரம்பித்தார். டீக்கடைக்காரர் அண்ணனைப் பார்த்ததும் பழக்கத்தில் ஒரு போண்டாவைத் தட்டில் எடுத்து வைத்தார்.

அண்ணன் போண்டாவைப் பார்த்தார். சந்தில் சிறிதாகிக்கொண்டே போகும் முதுகைப் பார்த்தார். மீசை ஆடியது. நான் ஏதோ சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். சொல் எதுவும் வரவில்லை. வண்டியைக் கிளப்பி, சந்து முனையைத் தாண்டி முன்னால் போய் நின்றார். கியரைப் பிடித்து, மூலைக்குத் தள்ளினார். கடக்! முப்பது வருடம் திறக்காத பூட்டைத் திறந்த மாதிரி ஒரு சத்தம்.

வேன் பின்னால் போனது.

முனையில் இடதுபக்கச் சுவரில் லேசாக உரசியது. மறுபடி முன்னால் எடுத்தார், மறுபடி பின்னால். பின்பக்கம் சந்துக்குள் நுழைந்துவிட்டது. அந்தச் சத்தத்தில் அண்ணி திரும்பினார். வேனின் முதுகு தன்னைப் பார்த்து வருவதைக் கண்டு, பையை அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடிவந்து வண்டிக்குப் பின்னால் நின்றார்.

"என்னப் பாரு! கண்ணாடியில என் மூஞ்சியப் பாரு! வேற எங்கயும் பாக்காத! ஜருகண்டி! ஒன்னு, ரெண்டு, மூணு, நில்லு! அஞ்சு, ஆறு, ஏழு, நில்லு! ஜருகண்டி!"

மூன்றுக்கு ஓடி, நாலுக்கு நின்று, குலுங்கிக் குலுங்கி வேன் சந்துக்குள் போனது. அண்டா உருண்டது. வாழைத்தார் என் மடியில் விழுந்தது. பிள்ளைகள் ஓடிவந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்களும் ஜருகண்டி, ஜருகண்டி என்று கத்த, ஒருவன் மட்டும் "நாலு எங்க, நாலு எங்க?" என்று கேட்டுக்கொண்டே கூட ஓடினான்.

பந்தலடியில் மச்சான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். "வா வா வா வா, போதும்!" என்று வண்டியின் முதுகைத் தட்டினார். மாட்டுக் கொட்டாய்க்கு ஒரு முழம் முன்னால் வேன் நின்றது. அண்ணன் இறங்கினார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. பதினோரு வருடத்துக்குப் பிறகு இருவரும் எதிரெதிராக நின்றார்கள்.

"இன்னா மச்சான், ரிவர்ஸ்ல வர்ற?" என்றார் மச்சான்.

"போம்போது நேராப் போவணும்ல" என்றார் அண்ணன். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, "அன்னிக்கு டயர் படாதுன்னு சொன்னது தப்பு" என்றார்.

உள்ளேயிருந்து மச்சான் மனைவி தாம்பாளத்தோடு வெளியே வந்து, அண்ணியைப் பார்த்துச் சிரித்தார். இந்தத் தடவை அண்ணியும் சிரித்தார்.

நான் வேனுக்குள்ளேயே மடியில் வாழைத்தாரோடு உட்கார்ந்திருந்தேன். அண்ணன் கதவருகே வந்தார்.

"எறங்குய்யா தயாளா" என்றார்.

யாரையோ கூப்பிடுகிறார் என்று நான் பேசாமல் உட்கார்ந்தே இருந்தேன்.